திரைக்குப் பின்னால் இரண்டு கால்கள்

டாக்டர் ராஜநாயகம்: ...அந்தப் பொண்ணு திரைக்குப் பின்னாலேயே உக்காரட்டும். நான் பொம்பளைங்க காலைப் பார்க்கறதில்லை. இருபது வருஷ ஒழுக்கம். நீ உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லு மர்சலின்.

மர்சலின்: சொல்றேங்க. பொண்டாட்டின்னு எதுக்கு இருக்கேன்.

ஃப்ளோரா: டாக்டர், திங்கக்கிழமை மாம்பலத்துல டீச்சரா சேரணும். உடம்புல ஒண்ணுமில்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் வேலை.

டாக்டர்: நடந்து வரும்போதே கண்டுபிடிச்சிட்டேன். யானைக்கால்.

ஃப்ளோரா: புடவைக்கு மேலேயேவா... நல்ல கண்ணு.

மர்சலின்: யானைக்கால்னா பாதமும் வீங்குமே. இங்க பாதம் சின்னதா, அழகா இருக்கு. சதை கணுக்காலோட நின்னுபோச்சு, காப்பு போட்ட மாதிரி. ரெண்டு காலும் ஒரே அளவு.

டாக்டர்: அமுக்கு. குழி விழும்.

மர்சலின்: விழலை. வலிதான் உயிர் போகுது. லேசா இடிச்ச இடமெல்லாம் நீலமாக் கன்னிக் கிடக்கு.

டாக்டர்: அப்ப தீனி. வேற ஒண்ணுமில்லை.

ஃப்ளோரா: ரேஷன் அரிசியிலயா டாக்டர்? கல்லு பொறுக்கினா மிச்சம் ஒரு பிடி.

டாக்டர்: வாயைக் கட்டணும்மா.

மர்சலின்: கட்டியாச்சுங்க. ஈஸ்டருக்கு முன்னாடி தபசு காலம் நாப்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு. கழுத்தெலும்பு தெரிஞ்சுது. கால் ஒரு விரக்கடை குறையலை.

டாக்டர்: யானைக்காலும் இல்லை, தீனியும் இல்லைன்னா பேரென்ன? என் புஸ்தகத்துல இல்லாத நோய் யாருக்கும் வராது.

ஃப்ளோரா: காலு அந்தப் புஸ்தகத்தைப் படிக்கலை போல.

டாக்டர்: வாய் வேற. இந்தக் காலோட நாள் பூரா நின்னு பாடம் நடத்த முடியாது. தகுதியில்லைன்னு எழுதறேன்.

மர்சலின்: இருங்க... வயசுக்கு வந்தப்ப ஆரம்பிச்சது. அம்மாவுக்கும் இப்படியே. இந்தக் காலு மூணு பிரசவத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிச்சு.

டாக்டர்: மூணா? கல்யாணமே ஆகலைன்னு இந்த வேலை பாரத்துல போட்டிருக்கே... ஏம்மா ஃப்ளோரா, இது என்ன கூத்து?

ஃப்ளோரா: என்னைக் கேக்காதீங்க டாக்டர்.

டாக்டர்: பின்ன யாரைக் கேக்கறது?

மர்சலின்: என்னைக் கேளுங்க. அவ இன்னும் செருப்பைக்கூடக் கழட்டலை. இத்தனை நேரம் சொன்னது என் காலை. அவளுக்கும் அச்சு அசல் இதேதான்னு போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பேசிக்கிட்டோம். பதினெட்டு வருஷமா இந்தக் காலோடதான் உங்க அடுப்படியில நாள் பூரா நிக்கறேன்... தகுதியில்லைன்னு எழுதறதா இருந்தா, மொதல்ல என் பேருக்கு எழுதுங்க.