அதிகம் ஓடாத ஜீப்

கணவர்: ...அது மட்டுமில்ல டாக்டர், பிரேக்கும் ஒரு மாதிரி. சில நாள் பிடிக்கும். சில நாள் யோசிக்கும்.

பல் டாக்டர்: யோசிக்குமா?

கணவர்: நாம மிதிச்சதும், பிடிக்கலாமா வேண்டாமான்னு...

மனைவி: என்னங்க, டாக்டரைக் காபி குடிக்க விடுங்க முதல்ல. டாக்டர், அவர் சொல்றதைக் காதுல போட்டுக்காதீங்க. பிரேக் போன மாசம்தான் மாத்தினோம். ரசீது இருக்கு.

பல் டாக்டர்: இருக்கட்டும்க்கா, சார் பேசட்டும். இந்த மாதிரி பழைய ஜீப் பதினொண்ணு பார்த்துட்டேன். ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லல. எல்லாமே சிங்கிள் ஓனர், எல்லாமே லேடி டாக்டர் ஓட்டினது. அத்தனை லேடி டாக்டரும் ஜீப்ல சுத்தினா ஆஸ்பத்திரியில யாரு இருந்தா?

கணவர்: நான் அப்படியெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ரேடியேட்டர் ஒழுகும்.

மனைவி: எப்பவாவது, ஒரு சொட்டு.

கணவர்: இடது பக்கக் கதவு உள்ளேருந்து திறக்காது. ஏறினவன் ஏறினவன்தான்.

பல் டாக்டர்: என்ன நேர்மை பாருங்க. சார், உங்ககிட்டதான் கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

கணவர்: கண்ணை மூடாதீங்கன்னுதானே இவ்வளவு நேரமா சொல்றேன்.

மனைவி: குறை சொன்னா ஓடிப் போயிடுவீங்கன்னு பார்க்கறாரு. விக்க மனசில்ல. மூணு மாசமா இதே கதைதான். போன வாரம் ஒருத்தர் வந்தாரு. அவர்கிட்ட இந்த வண்டியில ஒரு உயிர் போயிருக்குன்னுட்டாரு.

பல் டாக்டர்: ஐயோ. யாரு?

கணவர்: ...ஒரு பல்லி.

மனைவி: கேட்டுக்கோங்க.

கணவர்: எப்படிம்மா மனசு வரும்? ஆறு வருஷம். ஞாயித்துக்கிழமை தவறாம விடியறதுக்குள்ள கிளம்பி மலையேறின வண்டி. டாக்டர், ஆபீஸ்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? மலைமன்னன். ஸ்டோர் ரூம்ல பேப்பர் கட்டு எண்றவனுக்கு அந்தப் பேரு சும்மா வருமா? வண்டி போச்சுன்னா அப்புறம் நான் வெறும் பேப்பர் கட்டு.

மனைவி: ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்துதான் பாருங்களேன். ஒட்டடை அடிக்கலாம்.

கணவர்: கேட்டீங்கல்ல டாக்டர்? இதுக்குத்தான் விக்க மாட்டேங்கறேன்.

பல் டாக்டர்: புரியுது சார். ரொம்ப நல்லாப் புரியுது. பதினாலு வருஷமா நான் அடுத்தவங்க வாய்க்குள்ளயே பார்த்துட்டிருக்கேன். ரோடு முடியற இடத்துல என் ரோடு ஆரம்பிக்கணும்னு ஒரு ஆசை. புதுசு வாங்க வக்கில்ல, அதான் இப்படி மலிவா... ஒரு நிமிஷம், வீட்லேருந்து போன். ஹலோ... க்ளினிக்லதான்... ஆமாம்மா, வேர் சிகிச்சை... வாயைத் திறந்துக்கிட்டு ஆளு உக்காந்திருக்காரு... வெச்சிடறேன்.

கணவர்: நான் வாயை மூடிக்கலாமா?

பல் டாக்டர்: தப்பா நினைக்காதீங்க சார். வாங்கினப்புறம் சொல்லிக்கலாம்னு...

மனைவி: என்னன்னு சொல்லுவீங்க?

பல் டாக்டர்: பேஷன்ட் ஒருத்தர் ஃபீஸுக்குப் பதிலா கொடுத்துட்டாருன்னு.

கணவர்: இதை வாங்கினப்ப நான் ஆபீஸ் குலுக்கல்ல விழுந்ததுன்னு சொன்னேன்.

மனைவி: நானும் நம்பினேன்.

பல் டாக்டர்: சரி, அடியில ஒரு பார்வை பார்த்துடறேன். கண்ணாடி கையோட கொண்டு வந்திருக்கேன்.

கணவர்: இது பல்லு பார்க்கற கண்ணாடியாச்சே.

பல் டாக்டர்: தானமா வந்த மாட்டைத்தான் சார் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது. இது காசு கொடுத்து வாங்கறது. டார்ச்சைப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் கீழ... ம்... ம்ம்... சார்.

மனைவி: என்ன ஆச்சு?

பல் டாக்டர்: அடித்தகடு பூராவும் கீறல். பாறையில உரசின கீறல். ஸ்பிரிங் பட்டைக்கு நடுவுல கூழாங்கல்லு வேற சிக்கிக் கிடக்கு. சார்... ஆத்தைத் தாண்டியிருக்கீங்க.

கணவர்: ...ஆத்தையா?

பல் டாக்டர்: அடக்கத்தைப் பாருங்கக்கா. சரி, எழுந்துக்கறேன், கை கொடுங்க. முன்சக்கரத்துக்கு நடுவுல இந்தக் குமிழ்...

கணவர்: அந்த டிசைனா?

பல் டாக்டர்: விளையாடாதீங்க சார். வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, இதைக் கையால திருப்பினாத்தானே முன்சக்கரம் ரெண்டும் இழுக்கும்? திருப்பலன்னா உள்ள எந்தக் கியரைப் போட்டாலும் பின்சக்கரம் மட்டும்தான். நான் பார்த்த பதினொண்ணுலயும் இது துருப்பிடிச்சு இறுகிக் கிடந்தது. ஒரு பய தொட்டதில்ல. இங்க பாருங்க, ரெண்டு விரல்ல சுத்துது. கிரீஸ்கூட புதுசு. வேற என்ன சார் வேணும்? நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்.

மனைவி: இந்தாங்க சாவி.

கணவர்: இரு, இரு, இரு. டாக்டர், சாவியை வாங்காதீங்க. இந்த வண்டி மலையேறினதே இல்ல.

பல் டாக்டர்: சார்...

கணவர்: சத்தியமா. ஒரு மேம்பாலம் ஏறியிருக்கு. அவ்வளவுதான்.

மனைவி: விக்கக் கூடாதுன்னா என்னவெல்லாம் சொல்றாரு பாருங்க.

கணவர்: இல்லம்மா, இது நிஜம். வாங்கின புதுசுல மலைக்குத்தான் கிளம்பினேன். முதல் வளைவுலயே பயந்து வண்டியைத் திருப்பிட்டேன். உடனே வீட்டுக்கு வந்தா நீ சிரிப்ப. அதனால நம்ம மெக்கானிக் ஷெட்டுல நிறுத்தி, பின்சீட்ல படுத்தேன். நல்ல தூக்கம் வந்துது. அடுத்த வாரமும் அங்கதான். அதுக்கடுத்த வாரமும்...

பல் டாக்டர்: ஆறு வருஷமும் தூங்கினீங்களா?

கணவர்: சாயங்காலம் கிளம்பறப்ப மெக்கானிக் ஒரு வாளி சேறு கரைச்சு மேல ஊத்துவான்.

பல் டாக்டர்: சார்... அந்த ஷெட்டு எந்தப் பக்கம்?

மனைவி: டாக்டர்.

பல் டாக்டர்: சும்மா கேட்டேன்க்கா... நிழலா இருக்குமா சார்?

கணவர்: அதை விடுங்க. அந்தக் குமிழை நான் தொட்டதே இல்ல. அது என்னன்னே இன்னிக்குத்தான் தெரியும். இப்பவாவது வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க.

பல் டாக்டர்: அப்போ பாறைக் கீறல்? கூழாங்கல்லு? கிரீஸ்?

கணவர்: அதான் எனக்கும்... வாரநாள்ல நான் ஆபீஸ் பஸ்ல போயிடுவேன். வண்டி இங்கதான் நிக்கும். சாவி ஆணியில தொங்கும். வீட்ல வேற யாரும்...

மனைவி: காபி ஆறுது, குடிங்க.

கணவர்: ஏம்மா.

மனைவி: சர்க்கரை போதுமா டாக்டர்?

கணவர்: ஏம்மா, உன்னைத்தான்.

மனைவி: ...புதன்கிழமை எனக்கு ஸ்கூல்ல க்ளாஸ் அரை நாள்தானே.

கணவர்: அரை நாள்னா?

மனைவி: நீங்க கொண்டு வந்த சேறு மேலேருந்து வழிஞ்சிருந்துது. ஓட்டின வண்டியில சேறு கீழேருந்துதானே தெறிக்கும்? முதல் மாசமே தெரிஞ்சு போச்சு. சரி, வண்டியாவது நாலு இடம் பார்க்கட்டும்னு ஒரு புதன்கிழமை சாவியை எடுத்தேன்.

பல் டாக்டர்: ஆத்தைத் தாண்டினது... அக்காவா?

மனைவி: முழங்கால் தண்ணிதான். மழை பெய்ஞ்ச மறுநாள் மட்டும் இறங்கிடாதீங்க.

கணவர்: அந்தக் குமிழெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?

மனைவி: உங்க மெக்கானிக்தான். கிரீஸும் அவர்தான் வெப்பாரு.

கணவர்: அந்தப் படுபாவி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

மனைவி: உங்களைப் பத்தி என்கிட்டயும் சொன்னதில்ல. நல்ல மனுஷன்.

பல் டாக்டர்: அப்புறம் எதுக்குக்கா விக்கறீங்க?

மனைவி: ரெண்டாவது மலைக்கு மேல இதுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் பெரிய இன்ஜினா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். பழசுதான். அடுத்த வாரம் வந்துடும்.

கணவர்: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கியே. நான் தூங்கத்தான் போறேன்னு தெரிஞ்சும், விடியக்காலைல எழுந்து எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த. பார்த்துப் போங்கன்னு வாசல் வரைக்கும் வந்து நின்ன.

மனைவி: தூங்கறவருக்கும் பசிக்கும்ல.

கணவர்: மனசு கேக்கலம்மா. ஆறு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை, என்கிட்ட நீ சொல்லியிருக்கலாம்ல?

மனைவி: சொன்னா நானும் வரேன்னு கிளம்பிடுவீங்களே.