கயிற்றில் தொங்கிய மாறன்

...உங்க முன்னாள் மாணவர் சங்கத் தீர்மானத்தைப் படிச்சேன். தொண்ணூறுகள்ல நடந்த ஆண்டு விழாவை அப்படியே திரும்ப நடத்தணும், அதே நாடகம், அதே மேடைன்னு போட்டிருக்கீங்க. நல்ல ஆசைதான். ஆனா அதுக்கு ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி, நான் நேர்ல பார்த்த ஒண்ணைச் சொல்லிடறேன். சின்னக் கதைதான்... காபி ஆறாது.

மேலப்பாளையத்துல செய்யது நவாஸ்னு ஒருத்தர். மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். வயசு முப்பத்து மூணு. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பதரைக்கு டிவில தமிழ்ல டப்பிங் பண்ணின ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் பார்த்திருக்கார். 'மேகத்தீவு'ன்னு பேரு. மாறன்னு ஒரு பையன் மேகத்துக்கு மேல வழி தவறிப் போயிடறான். ஒரு விளக்கைத் தூக்கிக்கிட்டு வீட்டைத் தேடறான். அவ்வளவுதான் கதை. மொத்தம் ஐம்பத்திரண்டு வாரம். தமிழ்ல நாற்பத்தொன்பதாவது வாரத்தோட நிறுத்திட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துக்கு மிக்ஸி விளம்பரம்.

ரெண்டு வருஷம் முன்னாடி அதைப் புதுசா எடுக்கப் போறாங்கன்னு செய்தி வந்துது. நவாஸ் என்ன பண்ணினார்? பழசை இணையத்துல தேடிப் பிடிச்சு உட்கார்ந்தார். எங்கிட்ட சொன்னார்:

"சார், ஒரே மேகத்தை மூணு தரம் ஓட்டறாங்க சார்! அப்போ எனக்கு அது தெரியவே இல்ல."

"அப்ப ஏமாத்தமா?"

"அது இல்ல சார். பையன் இங்கிலீஷ்ல பேசறான். அவன் வேற யாரோ. சத்தத்தை நிறுத்திட்டுப் பார்த்தேன்... அப்பதான் எங்க மாறன் வந்தான்."

உடனே இணையத்துல ஒரு மனு. 'புது மேகத்தீவு தமிழ்லயும் வரணும். மாறனுக்கு அதே பழைய குரல் வேணும்.' இரண்டாயிரத்து முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டாங்க. எல்லாருமாச் சேர்ந்து அந்தக் குரல் கொடுத்த பையனைத் தேடினாங்க. இப்போ முப்பத்தஞ்சு வயசு இருக்கும், வெளிநாட்டுல இருப்பான், தாடி வெச்சிருப்பான்னு ஆளாளுக்கு ஒரு ஊகம். எட்டு மாசம் தேடினாங்க. கிடைச்சானா? கிடைக்கல.

அப்புறம் எங்கிட்ட வந்தார். முப்பத்தொரு வருஷம் நிருபரா இருந்தவன் நான். நாலு போன் போட்டேன். நாலாவது போன்ல ஒரு பழைய சவுண்ட் இன்ஜினியர் சிரிச்சார். "பையனா? யோவ், அது கமலவேணி அம்மாய்யா! சின்னப் பசங்களுக்கெல்லாம் அப்போ பொம்பளைங்கதானே பேசுவாங்க!"

இரண்டாயிரத்து முந்நூறு பேர்... ஒருத்தருக்கும் அது தோணல.

சென்னை சாலிகிராமத்துல அவங்க வீடு, ரெண்டாவது மாடி. ஒரு வியாழக்கிழமை மதியம் மூணு மணிக்குப் போனோம். கதவைத் திறந்தது அறுபத்து நாலு வயசு அம்மா. முட்டி வலி. "வாங்க, செருப்பு உள்ளயே இருக்கட்டும், நாய் தூக்கிட்டுப் போயிடும்"னாங்க. சாதாரணக் குரல். நவாஸ் முகம் வாடிடுச்சு.

அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். அன்னைக்குக் காலைலதான் படம் எடுக்கற கம்பெனியிலேர்ந்து மனுவுக்குப் பதில் வந்திருந்தது... புது மேகத்தீவு தமிழ்ல இப்போதைக்கு இல்லைன்னு. அதையும் சொன்னார். அந்தம்மா அதைக் கண்டுக்கவே இல்ல. முன்னாடி நகர்ந்து உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"தம்பி... அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா?"

எங்களுக்குப் புரியல.

"நாற்பத்தொன்பதாவது வாரத்துல மாறனைக் கயித்துல தொங்க விட்டுட்டு வந்தேன். 'மிச்சம் அடுத்த வாரம்மா'ன்னாங்க. அப்புறம் கூப்பிடவே இல்ல. இருபத்து நாலு வருஷமா அங்கேயே தொங்கறான் தம்பி. யார்கிட்ட போய்க் கேக்கறது? நீங்கதான் முழுசாப் பார்த்திருப்பீங்களே... சொல்லுங்க."

நவாஸ் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "தெரியாதும்மா. கடைசி மூணை நான் பார்க்கல. உங்க குரல்ல வரும்னு... அப்படியே விட்டு வெச்சிருக்கேன்."

அப்புறம் அந்தம்மா எழுந்து போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டு வந்து வெச்சுக்கிட்டாங்க.

"போடுங்க. சத்தம் வேண்டாம்."

நவாஸ் போனை எடுத்தார். டேபிள் மேல தண்ணி ஜக்குல சாத்தி வெச்சார். கையில எழுதின வசனம் கிடையாது. படத்துல உதடு அசையுது... இந்தம்மா பேசறாங்க. பத்து வயசுப் பையன் பேசறான்யா! என் கண்ணு முன்னால! கயித்துலேர்ந்து மாறனை இறக்கினாங்க. மேகத்தைத் தாண்ட வெச்சாங்க. காத்தா, கிழவனா, பறவையா எல்லாத்துக்கும் அவங்களே பேசினாங்க. அறுபத்தாறு நிமிஷம். கடைசில ஒரு கதவு. மாறன் தட்டறான். உள்ளேர்ந்து அவன் அம்மா, "யாரு?"

அந்தம்மா ஒரு மூச்சு நிறுத்தினாங்க. அப்புறம் அந்தப் பையன் சொல்றான்...

"நாந்தாம்மா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

நவாஸ் அழுதார். அழுது முடிச்சு, திடுக்குனு நிமிர்ந்தார். "ஐயோ சார்! பதிவு பண்ணலயே!" எப்படிப் பண்ணுவார்? படம் ஓடினதே அவர் போன்லதானே! என் போன் என் சட்டைப்பையில இருந்தது. முப்பத்தொரு வருஷ நிருபருக்கும் அது தோணல.

அந்தம்மா சிரிச்சாங்க. "விடுங்க தம்பி. அவன் வீட்டுக்குப் போயிட்டான்ல? எனக்கு அது போதும்."

இப்போ உங்ககிட்ட வர்றேன். பழசு திரும்ப வரணும்னு ஏங்கறோம். யாராவது புதுசா எடுத்துத் தருவாங்கன்னு காத்திருக்கோம். ஏக்கம் நமக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கறோம். நமக்குக் கொடுத்தவங்களும் ஏங்கிக்கிட்டிருப்பாங்கன்னு நினைச்சோமா?

முன்வரிசையைப் பாருங்க. உங்க வாத்தியாருங்க பதினோரு பேர் உட்கார்ந்திருக்காங்க. உங்க ஒவ்வொருத்தரையும் பன்னிரண்டாம் வகுப்பு வாசல்ல விட்டுட்டுத் திரும்பினவங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு அவங்களுக்கு யார் சொன்னா? கணக்குல தவிச்ச பையன் என்ன ஆனான்? பாதியில நின்ன பொண்ணு எங்க போனா? அவங்களுக்குத் தெரியாது. அவங்க மனசுல நீங்க இன்னும் கயித்துலதான் தொங்கறீங்க.

விழாவை அடுத்த வருஷம் நடத்துங்க, நாடகமும் போடுங்க. ஆனா இன்னைக்குச் சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, முன்வரிசைக்கு வந்து, உங்க பேரைச் சொல்லி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க...

"நாந்தான் சார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."