பள்ளிவாசல் பெட்டியில் போட்ட தாள்கள்

படிக்கட்டு முழுக்கப் புகை. முன்னால் சாரா டீச்சர். அவர் தோளில் கடைக்குட்டி மிரியம். என் இடது கையில் ஒரு பிள்ளை. வலது கையில் ஒரு பிள்ளை. இரண்டும் இருமுகின்றன. கீழே என் கடை எரிகிறது. முதலில் கண்ணாடி உடைந்தது. அடுத்து ‘புஸ்’ என்று ஒரு சத்தம். மண்ணெண்ணெயில் தீக்குச்சி விழுந்தால் வருமே, அது. இப்போது தாள் எரிகிற சத்தம். உள்ளே நாற்பது பெட்டித் தாள் இருந்தது.

“பாய்! மூணுதான் வருது! நாலாவது எங்க?”

கீழ்ப்படியில் நின்று முருகேசன் கத்துகிறான். நான் திரும்பிப் பார்க்கிறேன். மேலே வாசலில் தாவூத் நிற்கிறான். ஆறு வயது. கையிலிருந்த நோட்டு கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கிறான். எடுத்ததும் அதற்கு முத்தம் கொடுக்கிறான். வேதப் பாடம் எழுதிய புத்தகம் விழுந்தால் அப்படிச் செய்ய வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்கள் கீழக்கரையில் ஓதப்போகிற பிள்ளைகளும் அதையேதான் செய்யும். அந்த ஒரு நொடியில் புகை எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் புகுந்துவிட்டது.

“தாவூத்! யல்லா! ஓடி வா!”

புகைக்குள்ளிருந்து இருமல் மட்டும் கேட்கிறது.

அது 2003 மார்ச். பஹ்ரைன், மனாமா, குதைபியா. இராக்கில் குண்டு விழத் தொடங்கி இரண்டாவது வெள்ளிக்கிழமை. பகல் ஒன்று இருக்கும். எங்கள் தெருவில் ஏவுகணை எதுவும் விழவில்லை. டிவியில்தான் விழுந்தது. பகலெல்லாம் பாக்தாத் எரிந்தது. பார்த்தவர்களுக்குள்ளும் ஏதோ பற்றிக்கொண்டது. எனக்கும்தான்.

நான் நகல் எடுக்கும் கடை வைத்திருந்தேன். பெயர் ஜமால். முருகேசன் என்னோடு வேலை பார்த்தவன். முதுகுளத்தூர்ப் பக்கம். கட்டட சைட் வேலைக்கு வந்து, முதுகு போய், என்னிடம் சேர்ந்தவன். கடைக்கு மேல் மாடியில் வியாழனும் வெள்ளியும் சாரா டீச்சர் வகுப்பு நடத்தினார். அந்த ஊரில் யூதக் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தாத்தா காலத்தில் பாக்தாதிலிருந்து வந்தவர்கள். வாரநாளில் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகும். லீவு நாளில் இங்கே வந்து எபிரேய எழுத்தும் மூஸா நபியின் கதையும் படிக்கும். போர்டு கிடையாது. கேட்டால் டியூஷன் என்று சொல்லிவிடுவோம்.

நாலு பிள்ளைகளும் காலைத் தரையில் தட்டி எழுத்துகளைப் பாட்டாகப் பாடும். என் கூரை அதிரும். “மேல என்ன பாய், காவடி ஆட்டமா?” என்பான் முருகேசன். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். நான் அரபு எழுத்து அலிஃப் படித்தபோதும் இப்படித்தான் கத்தினேன்.

பாடத்தாள்களை நான்தான் நகல் எடுத்துக் கொடுப்பேன். என் மெஷினின் கண்ணாடியில் ஒரு கீறல். எல்லாத் தாளிலும் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். சரியாக விழாத தாள்களைத் தனியே வைக்கும்படி டீச்சர் சொல்வார். இறைவன் பெயர் இருக்கிறது, குப்பையில் போடக் கூடாது, சேர்த்து வைத்துப் புதைப்போம் என்பார். எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கிழிந்த குர்ஆன் பக்கத்தை எங்கள் வீட்டிலும் யாரும் காலில் பட விடமாட்டார்கள்.

போர் தொடங்கிய வாரம் டீச்சர் வரவில்லை. தாள்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தன. பதினொன்று. முருகேசன் கடையைக் கூட்டினான்.

“பாய், இத குப்பையில போட்றவா?”

“அறிவு இருக்காடா? அல்லாஹ் பேரு இருக்கு. தவ்ராத்டா அது, மூஸா நபிக்கு எறங்குன வேதம்.”

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். நான் பதினோரு தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போனேன். பள்ளிவாசலில் பழைய வேதத்தாள் போட ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் போட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

புதன்கிழமை ஒருவர் கடைக்கு வந்தார். கையில் நான் பள்ளிவாசல் பெட்டியில் போட்ட தாளில் ஒன்று. என்னிடம் ஒரு நகல் எடுக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே கறுப்புக் கோடு. அண்ணாந்து மாடியைப் பார்த்தார். போய்விட்டார். தாள் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார் என எனக்குப் புரிந்தது. ஆனாலும் டீச்சரிடம் சொல்லவில்லை. தாளை எங்கே போட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த வெட்கம். சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை வகுப்பே நடந்திருக்காது.

பதினோரு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு. போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள். பெற்றோர் கார்கள் வர முடியவில்லை. பிள்ளைகள் மாடியிலேயே இருந்தன. தொழுகை முடிந்தது. முகத்தில் துணி கட்டிய ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முதல் கல் கடைக் கண்ணாடியில்.

இப்போது படிக்கட்டு. நான் மேலே ஏறத் திரும்புகிறேன். முருகேசன் என்னைச் சுவரோடு தள்ளிவிட்டு ஏறுகிறான்.

“ரெண்டையும் எறக்குங்க பாய்! அவன நான் பாத்துக்கறேன்!”

பின்வாசலில் ரொட்டிக்கடை காசிம் நிற்கிறார். உள்ளூர்க்காரர். “யல்லா! யல்லா! இங்கே!” பிள்ளைகளைத் தன் கடைக்குள் இழுத்துக் கதவைச் சாத்துகிறார். மேலே ஜன்னல் உடைகிறது. முருகேசனின் கை தெரிகிறது. ரத்தம். தாவூத்தை இடுப்பில் பிடித்து வெளியே நீட்டுகிறான். காசிம் மாவு மூடும் துணியை விரிக்கிறார். ஒரு முனை அவர். ஒரு முனை நான்.

“புடிங்க பாய்!”

தாவூத் விழுகிறான். பிடித்துவிட்டோம். முகமெல்லாம் ரத்தம். நெஞ்சோடு நோட்டு. நாங்கள் அவனை இறக்கிவிட்டு மறுபடியும் துணியை விரித்தோம். ஜன்னலில் புகை மட்டும் வந்தது. “முருகேசா! குதிடா!” என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்கும்வரை துணியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மாடியில் யூத வகுப்பு நடப்பது எப்படித் தெரிந்தது என்று போலீஸ் கேட்டது. தெரியாது என்றேன். ஆஸ்பத்திரியில் தாவூத்தின் அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. விசா கொடுத்த கஃபீல் ‘கலாஸ்’, எல்லாம் முடிந்தது என்றார். முருகேசனின் சவப்பெட்டியோடு நானும் ஊருக்கு வந்தேன். முருகேசனின் மனைவி செல்வி ஒரே கேள்விதான் கேட்டாள். “அந்தக் கடைய எதுக்குண்ணே எரிச்சாங்க?” யுத்த நேரம்மா என்றேன்.

அது பாதி உண்மை. மீதியை இங்கே எழுதிவிட்டேன். படித்தவர்கள் அவளிடம் சொன்னாலும் சொல்லட்டும்.

போனவை இவை. கடை ஒன்று. மெஷின் ஒன்று. மாடியில் ஒரு கரும்பலகை, நாலு சின்ன நாற்காலி, பிள்ளைகளின் புத்தகங்கள். அந்த வகுப்பு. அதற்குப் பிறகு அங்கே யாரும் காலைத் தட்டிப் பாடவில்லை. நாலில் இரண்டு குடும்பங்கள் ஊரை விட்டே போய்விட்டன. தாவூத்தின் இடது கண். முருகேசன், வயது இருபத்தொன்பது, பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம், முகம் பார்த்ததில்லை.

தாள்கள் பதினொன்று. அவன் அதைக் குப்பையில் போடவா என்றுதான் கேட்டான்.