நூற்று நாற்பத்து நான்கு டைல்ஸ்

ஏஞ்சலின்: ...உங்கண்ணனோட முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவங்க எல்லாம் கெளம்பிட்டாங்க. நீ இரு பிளசி. ஒரு கணக்குப் போட்டுக் குடுத்துட்டுப் போ.

பிளசி: கணக்கா? நானாங்க அண்ணி? பத்தாவதுல முப்பத்தஞ்சு மார்க்கு. அதுவும் திருத்துனவங்க பாவம் பார்த்தது.

ஏஞ்சலின்: எனக்கு அதுவும் இல்ல. இந்த டைல்ஸைப் பாரு, அவர் வாங்கி வச்சது. ஒரு அடிக்கு ஒரு அடி. எண்ணிட்டேன், நூத்தி நாப்பத்திநாலு. உடைஞ்சா மாத்துறதுக்கு ஆறு தனியா இருக்கு.

பிளசி: ஊரு வூட்டுக்கெல்லாம் ஒட்டுன மனுசன். சொந்த வூட்டுக்கு இப்பத்தான்...

ஏஞ்சலின்: சதுரமா ஒரு ரூமுக்குன்னாரு. எந்த ரூம்? நாளைக்கு அவர்கூட வேலை பார்த்த ஃபிராங்க்ளின் வந்து ஒட்டித் தர்றேங்கிறான். பக்கத்துக்கு எத்தன அடி வரும், சொல்லு.

பிளசி: சதுரத்துக்கு நாலு பக்கம். நாலால வகுத்தா... முப்பத்தாறு.

ஏஞ்சலின்: முப்பத்தாறு அடியில ரூமா? அதுல கல்யாணமே வைக்கலாம்.

பிளசி: சிரிக்காதீங்க அண்ணி. அதான் அப்பவே சொன்னேன்ல...

ஏஞ்சலின்: சரி, நாலு டைல்ஸ எடுத்துச் சதுரமா அடுக்கு. புது ஆளுங்களுக்கு உங்கண்ணன் இப்படித்தான் காட்டுவாரு.

பிளசி: ரெண்டு... ரெண்டு. பக்கத்துக்கு ரெண்டு.

ஏஞ்சலின்: ஒம்போதுன்னா?

பிளசி: இருங்க... மூணு வரிசை, வரிசைக்கு மூணு. அட, அப்ப நாலால வகுக்கறது இல்ல. எதை அதாலயே பெருக்குனா இத்தன வருதோ, அதுதான் பக்கம். இதைத்தானே பள்ளிக்கூடத்துல வர்க்கமூலம்னு சொன்னாங்க? போர்டுல கூரை மாதிரி ஒரு குறி போட்டாங்க. அன்னிக்கே இப்படித் தரையில வச்சுக் காட்டியிருந்தா...

ஏஞ்சலின்: நாப்பது மார்க்கு வாங்கியிருப்ப. மேல சொல்லு.

பிளசி: பத்துப் பத்து நூறு. பதினொண்ணுன்னா நூத்தி இருபத்தொண்ணு. பன்னெண்டு பன்னெண்டு... நூத்தி நாப்பத்திநாலு. பன்னெண்டு அடிங்க.

ஏஞ்சலின்: இந்த வூட்டுல பன்னெண்டுக்குப் பன்னெண்டு எது?

பிளசி: ஹால் நீட்டமா இருக்கு. படுக்கற ரூம் பத்துக்குப் பத்து. சமையக்கட்டு அதவிடச் சின்னது... எதுவும் இல்லியே.

ஏஞ்சலின்: தப்பாப் போட்டுட்டியோ?

பிளசி: இல்லீங்க, கணக்கு சரி. பன்னெண்டுக்குப் பன்னெண்டு...

ஏஞ்சலின்: ஏன் நிறுத்திட்ட?

பிளசி: இண்டூர்ல... எங்க வூட்டு ஹால் அந்த அளவு. இன்னும் வெறும் சிமென்ட் தரைதான். ஆனா அது எப்படிங்க? நான் குமாரைக் கட்டுன இந்த ஆறு வருசத்துல அண்ணன் எங்க வாசப்படிய மிதிச்சதில்ல. ஒரு வார்த்தை பேசுனதில்ல. என்மேல கோவத்தோடவே போயிட்டாருன்னுதானே முப்பது நாளா எனக்குச் சோறு எறங்கல... அவருக்கு எப்படிங்க அளவு தெரியும்?

ஏஞ்சலின்: நானா சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்ப. அதான் உன்னையே கணக்குப் போட வச்சேன். நீ வேலைக்குப் போன நேரமாப் பார்த்துப் போயி அளந்துட்டு வந்தாரு. டேப்போட இன்னொரு முனையைப் புடிச்சது யாருன்னு, போயி உன் வூட்டுக்காரரைக் கேளு.