தலைகீழா தொங்குன ராஜா

எழுந்திரிக்காத, உக்காரு தங்கச்சி. இந்தத் தராசு கரண்டுல ஓடுறது, கரண்டு வந்தாதான் எடை தெரியும். மத்தியானத்துல எடுத்தான்னா எப்ப வுடுவான்னு சொல்ல முடியாது. இந்தா விசிறி. டீ சொல்லட்டுமா? வேணாமா, சரி. கிள்ளைக்குத்தான போவணும், அந்தப் பக்கம் பஸ்ஸு வந்துகிட்டேதான் இருக்கும்.

ரேட்டு கேட்டியே, சொல்றேன். பழய காசுக்கு ரெண்டு வெல. ஒண்ணு வெள்ளி வெல, உருக்குனா என்னா தேறுமோ அது. இன்னொண்ணு காசு சேக்குறவங்க ஆசப்பட்டுக் குடுக்குற வெல. பேப்பர்ல எவனோ எழுதிப்புட்டான், பழய ரூபா லட்சத்துக்குப் போவுதுன்னு. அதுலேர்ந்து தெனம் யாராச்சும் முந்தானையில முடிஞ்சிகிட்டு வந்துடறாங்க. நேத்து ஒரு அம்மா என்ன ஏமாத்துக்காரன்னே சொல்லிட்டுப் போச்சு. பன்னி ரூபான்னு ஒண்ணு இருக்கு, ஆயிரத்தித் தொள்ளாயிரத்திப் பதினொண்ணாம் வருசத்துது. வெள்ளக்கார ராஜா சட்டையில யானை போட்டிருப்பான், அது பாக்கப் பன்னியாட்டம் இருக்குதுன்னு ஜனங்க கையால தொடமாட்டேன்னுட்டாங்களாம். அது கெடச்சா நானே தேடி வந்து வாங்குவேன். உன்னுது பதினாறு, பதினெட்டு, பத்தொம்போது. இதெல்லாம் ஊரெல்லாம் கெடக்குற காசும்மா.

அதுல வேற நீ புளி போட்டு வெளக்கிட்ட. பளபளன்னு இருந்தா ஜாஸ்தி குடுப்பாங்கன்னு நெனச்சிருப்ப. எல்லாரும் பண்றதுதான். கருப்பு ஏறி இருந்தாதான் சேக்குறவன் தொடுவான். வெளக்குன காசும் ஆவாது, காது வெச்ச காசும் ஆவாது. காதுன்னா, தோ, இங்க வெரல வெச்சுத் தடவிப் பாரு. சொரசொரன்னு இல்ல? இங்க ஒரு வளையம் இருந்துருக்கு, மாலையில கோக்குறதுக்கு. யாரோ அரம் போட்டு ராவி எடுத்துட்டாங்க. நீ எடுக்கல. நீ முழிக்கிறதுலயே தெரியுது.

அதனால வெள்ளி வெலதான். கொறச்சிக் குடுக்க மாட்டேன், பயப்படாத. சித்திரையில கிலோ எழுவதாயிரத்தத் தாண்டுச்சி, இப்ப எறங்கிருக்கு, எறங்கியும் நல்ல வெலதான். பாப்பாவுக்கு பீஸு கட்டணும்னு சொன்னியே, தாராளமா கட்டலாம். தீபிகாவா? நல்ல பேரு. இந்த வருசந்தான் ஒண்ணாங்கிளாஸா?

ஆனா ஒண்ணு. எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியாம நான் காசு வாங்கறதில்ல. அம்மா வூட்டுச் சீருன்னு சொன்ன, கேட்டுக்கிட்டேன். சீருல வந்ததுன்னா இதுங்களுக்குக் காது எங்க போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல? அப்பறம், கடலூர்ல இல்லாத வெள்ளிக்கடையா? அத்தனையும் வுட்டுட்டு சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸு ஏறி வந்துருக்க. அழாத, அழாத. நான் போலீஸுக்குப் போற ஆளு இல்ல. திருட்டுக் காசுன்னு நெனச்சிருந்தா அப்பவே கெளம்பும்மான்னு சொல்லிருப்பேன். எனக்கு வேண்டியது அது எங்க இருந்துதுன்னு மட்டுந்தான். அதத் தெரிஞ்சிக்காம உன்ன அனுப்ப மாட்டேன்.

ம். பரண் மேலயா. பழய வலைமூட்டைக்குள்ள, பால்பவுடர் டின்னுல. வூட்டுக்காரருக்கு நீ எடுத்தது தெரியாது. தெரிஞ்சா குடிச்சே தீத்துடுவாரு, அதான் நீ முந்திக்கிட்ட. அவரு கடலுக்குப் போன ஒடனே அம்மா வூட்டுக்குப் போறேன்னு கெளம்பிட்ட. இதுதான் நெசம். இத முன்னியே சொல்லிருந்தா நானும் இவ்ளோ கேட்டுருக்க மாட்டேன்.

கரண்டு வர்ற வழியக் காணும். கேளு, நானும் உங்களாட்டம் கடலோரத்துக்காரந்தான், கடலூர்ப் பக்கம். இந்தக் கண்ணாடிப் பொட்டிக்குப் பின்னால உக்காந்திருக்கறவன் வல இழுத்தவன்னு சொன்னா இங்க எவனும் நம்ப மாட்டான். சுனாமிக்கப்பறம் எனக்குக் கடல் பக்கம் இருக்கவே புடிக்கல, அதான் இங்க வந்துட்டேன். எனக்கு ஒரு அக்கா இருந்தா, அஞ்சம்மா. அவ கல்யாணத்துக்கு எங்கம்மா சேத்து வெச்சிருந்த வெள்ளி ரூபாயெல்லாம் எடுத்துட்டுப் போயி நான்தான் காசு மால பண்ணக் குடுத்தேன். அக்காவும் கூடவே வந்தா. பத்தரு ராஜாவோட கிரீடத்துக்கு மேல காத வெக்கப் போனாரு. ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான் வெப்பாங்க. இவ வேணாம்னுட்டா. கழுத்துக்குக் கீழ வெய்யிங்கன்னா. ராஜா தலகீழா தொங்குவாரேம்மான்னு பத்தரு சிரிக்கிறாரு. அதுக்கு அவ சொன்னா, எதுக்க வர்றவனுக்காகவா நான் போட்டுக்கறேன், நான் குனிஞ்சி பாத்தா எனக்கு நேரா தெரியணும்.

அப்படி ஒரு திமிரு புடிச்சவ. ஊரே கிண்டல் பண்ணும், அஞ்சம்மா ராஜாவத் தூக்குல போட்டுட்டாடான்னு. அவ கண்டுக்க மாட்டா. மீன் கூடைய எறக்கி வெச்சிட்டு மூச்சு வாங்குறப்பகூட குனிஞ்சி அதத்தான் பாத்துக்குவா. குளிக்க, தூங்க, எதுக்கும் கழட்டுனதில்ல.

அலை வந்த அன்னிக்கு நான் மெட்ராஸ்ல இருந்தேன், காசிமேட்டுல வேல. ஓடியாந்து பாக்குறேன், ஊரே இல்ல. மாமா, அதான் அக்கா வூட்டுக்காரரு, மணல்ல பொரண்டு அழுவுறாரு. என் கண்ணு முன்னாலயே போயிட்டாடா, கழுத்துல அந்தக் காசு மால மின்ன மின்ன அலையோட போயிட்டாடான்னு தலையில அடிச்சிக்கிறாரு. நானும் அவரக் கட்டிக்கிட்டு அழுதேன். அக்கா ஒடம்பு கெடைக்கல. எத்தினியோ பேருக்குக் கெடைக்கல, அதனால யாரும் ஒண்ணும் கேக்கல. சர்க்கார் பணம் வந்துது, மாமா போட்டுக்கு எஞ்சின் வாங்குனாரு.

அலை வர்றதுக்கு ஒரு மாசம் முந்திதான் அக்கா என்கிட்ட சொல்லிருந்தா, எஞ்சின் வாங்க மாலையக் கேக்குறாருடா, வேணும்னா கழுத்த அறுத்து எடுத்துக்கன்னு சொல்லிட்டேன்னா. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன்.

இப்ப அந்தக் காசுல ஒண்ணக் கையில எடு. ராஜாவோட தல மேல வர்றாப்ல புடி. ராவுன தடம் எங்க இருக்கு? கிரீடத்துக்கு மேலயா இருக்கு? அடுத்தத எடு. அதுலயும் பாரு. வேர்க்குதா, விசிறிக்க.

அன்னிக்குக் காலையில கழட்டி வெச்சிருப்பாளோன்னு நானும் நெனச்சுப் பாத்தேன். நீ முந்தானைய அவுத்ததுலேர்ந்து அத ஒண்ணத்தான் நெனச்சிகிட்டு இருக்கேன். கழட்டி வெச்சிருந்தான்னா, கழுத்துல மின்னுச்சின்னு அந்தாளு எதுக்குச் சொல்லணும்? அப்பறமா கெடச்சிருந்துதுன்னா மாமா என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டாரா? அரம் போட்டு ஒவ்வொண்ணா ராவிட்டு, விக்கவும் தகிரியம் இல்லாம, டின்னுல போட்டு மேல சொருகி வெச்சிருக்காரு. நல்லது எதையாவது யோசிக்கலாம்னு பாக்குறேன், ஒண்ணும் வர மாட்டேங்குது. உனக்கு ஏதாச்சும் தோணுச்சின்னா சொல்லு.

உன் வூட்டுக்காரரு பேர நான் கேக்கவே இல்ல, பாத்தியா? சிங்காரம். எடது கையில சுண்டுவெரல் மடங்காது, ஐஸ்பொட்டி வுழுந்து நசுங்குனது. இல்ல, அது வேற ஆளுன்னு சொல்லு. இப்பவே எழுந்திரிச்சி உன் கால்ல வுழுவறேன்.

சரி. கையில இருந்த காசக் கீழ வெச்சிட்ட, அவருதான்.

உன்மேல எனக்குக் கோவம் கெடையாது. மொத சம்சாரம் சுனாமியில போயிட்டான்னு சொல்லித்தான் உன்னக் கட்டிருப்பாரு. நீயும் நம்புன, நானும் நம்புனேன். இந்தா, பணத்தப் புடி. பீஸு போவ மிச்சம் இருக்கும், பாப்பாவுக்கு ஒரு கவுனு எடுத்துக் குடு. காசு என்கிட்டயே கெடக்கட்டும். எடையா? எடை எதுக்கு இனிமே. கைத்தராசு ஒண்ணு மேசைக்கு அடியிலயே இருக்கு. கரண்டு வரட்டும்னு சொன்னது உன்ன உக்கார வெக்கத்தான்.

பாப்பா உங்கம்மாகிட்டதான இருக்கு? நல்லதாப் போச்சு. நேரா அங்க போயிடு. ரெண்டு நாளைக்குக் கடலூர்ப் பக்கம் வராத. போனு வந்தாலும் எடுக்காத.

வந்ததுலேர்ந்து நான் உன்னத் தங்கச்சி தங்கச்சின்னு கூப்புட்டுகிட்டு இருக்கேன். மொறையப் பாத்தா நீ எனக்கு அக்கா ஆவணும். தோ, பேன் சுத்துது, கரண்டு வந்துடுச்சி. மெதுவா சொல்லுக்கா. மாமா போட்டு இன்னிக்கு எந்நேரம் கரை ஏறும்?