அமெரிக்கக் கடையும் முதலிபாளையம் பஸ்ஸும்

முதலிபாளையம் பஸ்ஸில் என் முன் சீட்டில் பனியன் கம்பெனித் தையல்காரப் பெண்கள் இருவர்.

"அமெரிக்காவுல கடையை மூடுனா எனக்கு உடனே தெரிஞ்சாகணும்" என்றார் மூத்தவர். நான் செல்போன் பாட்டை நிறுத்திவிட்டேன்.

"ஏனுங்க்கா, அங்க போயித் துணி எடுக்கறீங்களா?" என்றாள் இளையவள்.

"சிரிக்காதே கண்ணு. நாம தைக்கறது அந்தக் கடைக்குத்தான். மூணு நாளா பாதி நேரந்தான் வேலை. சூப்பர்வைசரைக் கேட்டா கரண்ட் இல்லைங்கறாரு."

"ஜெனரேட்டர் சும்மாத்தானுங்க நிக்குது!"

"அதான் சந்தேகம்." பர்ஸிலிருந்து சட்டைக் கழுத்தில் தைக்கும் லேபிளை எடுத்தார். "பிரவுசிங் சென்டர்ல இதுல இருக்கற கடைப் பேரைப் பார்த்து எழுத்தெழுத்தா தட்டுனேன். அவங்க கடைகள்ல பாதியை மூடறாங்கன்னு நியூஸ் வந்துச்சு. சென்டர்காரம்மா படிச்சுச் சொன்னாங்க. பிரிண்ட்டும் எடுத்துட்டேன். நாளைக்கு மேனேஜர்கிட்ட நீட்டி, வேலை இருக்கா இல்லியான்னு கேக்கப்போறேன்."

"உங்களை வெளிய அனுப்பிட்டா?"

"போற வேலை என்கிட்டச் சொல்லிட்டுப் போகட்டும்."

இளையவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இறங்குங்க்கா. சென்டர் மூடறதுக்குள்ள இன்னும் இருபது பிரிண்ட் எடுத்துருவோம். நம்ம தையல் லைன்ல ஆளுக்கொண்ணு. எத்தனை பேரை அனுப்புவாருன்னு பாக்கலாமுங்க."