முதல் வெட்டு

நல்ல கத்தி என்றால் விலை கூடிய கத்தி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பளபளப்பைப் பார்த்து வாங்கி வந்து, ஒரே மாதத்தில் அதை வைத்துப் பார்சல் கயிறு அறுத்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், வாங்கும் முன் கத்தியைக் கையில் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பிடி உள்ளங்கையை உறுத்தக் கூடாது. அலகும் பிடியும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தூக்கினால் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் தீட்டுகிறவர் கையில் இருக்கிறது.

ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் காய்கறி வெட்டுவது என் வேலை. பக்கத்து மேஜை தம்பியுடையது. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. நான்தான் வளர்த்தேன். எனக்கும் ஒரு வரன் வந்தது. இவனை எங்கே விடப்போகிறாய் என்று கேட்டார்கள். வந்த வழியே போய்விட்டார்கள். அதை நான் அவனிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டவில்லை என்பதை மட்டும் அவ்வப்போது சொல்லியிருக்கிறேன்.

அவனுடைய கத்தி நான் வாங்கிக் கொடுத்தது. நீளமான அலகு, கறுப்புப் பிடி. குழந்தையைப் போலத் துண்டில் சுற்றித்தான் வைப்பான். ஆனால் தீட்டுவதற்கு மட்டும் பொறுமை கிடையாது, கல்லைப் பார்த்தாலே கொட்டாவி வந்துவிடும். அதனால் அது என் வேலையாயிற்று.

எங்கள் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. தீட்டியவர்தான் முதல் வெட்டு வெட்டிக் காட்ட வேண்டும். கேரட், பூசணி என்று கெட்டியான ஏதாவது ஒன்றில். கத்தி நேராக இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தவர் கையில் வாங்குவார். என் விஷயத்தில் மட்டும் தம்பி அதையெல்லாம் பார்ப்பதில்லை. நான் வெட்டும்போது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கையை நீட்டுவான்.

"நீ தீட்டினதுல நான் என்னக்கா பாக்கப் போறேன்" என்பான்.

கெட்டியான காய் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டினால் கத்தி நேராக இறங்கும். ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தால் கூர் குறையாது, சொல்லப்போனால் கூடும். ஆனால் கத்தி ஒதுங்க ஆரம்பிக்கும். வலது பக்கம் தேய்த்த கத்தி இடது பக்கமாக ஒதுங்கும், அதாவது காயைப் பிடித்திருக்கும் கையை நோக்கி. தக்காளியில் இது தெரியாது. பூசணியில் தெரியும்.

தம்பிக்குப் பெரிய ஹோட்டல் ஒன்றிலிருந்து அழைப்பு வந்ததைக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள்தான் முதலில் சொன்னாள். வாய் ஓயாது என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வேறு ஊர், ரயிலில் ஒரு பகல் தூரம். அங்குள்ள தலைமைச் சமையல்காரர் முன்னால் வெட்டிக் காட்டினால் வேலை நிச்சயம் என்றாள். என்னிடம் சொல்லத் தம்பி பயந்திருக்கிறான். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அவனே பேச்சை எடுத்தான்.

"நான் போயிட்டா நீ என்னக்கா பண்ணுவே?"

"என்ன பண்ணுவேன். கத்தி தீட்டிக்கிட்டு இருப்பேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கச் சொல்லவில்லை. பிறகு அவன் பாட்டு முணுமுணுத்தபடி புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். வீட்டில் எங்களுக்கு இரண்டே தட்டுகள். ஒன்றைக் கழுவி அலமாரிக்குள் வைத்துவிட்டு, மேஜையில் தனியாகக் கிடந்த மற்றதைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான் யோசித்ததெல்லாம் அவன் நல்லதைத்தான். பெரிய இடம், போட்டுப் பிழிவார்கள். அவனுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது, அங்கே யார் பார்ப்பார்கள்? சின்னதாக ஒரு காயம் பட்டால் போதும், வேலை தவறிப்போகும், வீட்டுக்கு வந்துவிடுவான். நான் நினைத்தது அவ்வளவுதான்.

புறப்படுவதற்கு முன் கத்தியை என்னிடம் கொடுத்தான். குழாயடியில் உட்கார்ந்து தீட்டினேன். வலது பக்கம் மட்டும். முதல் வெட்டுக்கு எடுத்து வந்தபோது, அன்றைக்கு என்று பார்த்து அவன் கண் கத்தியை விட்டு நகரவில்லை. நான் ஒரு தக்காளியை எடுத்தேன்.

"என்னக்கா, தக்காளியா?"

"கேரட் தீந்து போச்சுடா."

கேரட் கூடையில் இருந்தது. தக்காளி தானாகப் பிளந்துகொண்டது போல இரண்டாயிற்று. அவன் கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

அங்கே அவன் முன்னால் பூசணியை வைத்திருக்கிறார்கள். தம்பி வேகமாக வெட்டுகிறவன். இடது கையில் இரண்டு விரல்கள், எலும்பு வரைக்கும். நரம்பைத் தைத்தார்கள், ஆனாலும் மடக்க வரவில்லை. கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றவன் முதலில் சொன்னது இதுதான்:

"என் கைதான் நடுங்கிடுச்சுக்கா. கத்தி மேல ஒரு குறையும் இல்ல. நீ மனசு கஷ்டப்படாத."

நான் அழுதேன். அது நடிப்பில்லை, நம்பினால் நம்புங்கள்.

அடுத்த நாள் கேன்டீனில் ரேடியோ அந்தக் கத்தியை எடுத்துப் பூசணியில் வைத்தாள். "இது ஏன் ஒரு பக்கமா இழுக்குது?" என்றாள். நான் வாங்கி இடது பக்கத்தையும் தீட்டிச் சமமாக்கினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவள் இதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை.

அதன் பிறகு தம்பி கவுன்டரில் டோக்கன் கிழிக்கிறான். சட்டைப் பொத்தானை நான் மாட்டிவிடுவேன். பழத்தை நறுக்கித் தட்டில் வைப்பேன். கண்ணை இமை காப்பது போலத்தான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அழுகையிலும் என் தோளைத்தான் தேடினான். எனக்கு மனசு நிறைந்திருந்தது என்று சொன்னால் என்னைத் தவறாக நினைப்பீர்கள்.

ஆனால் அவன் ரப்பர் பந்தை வைத்து விடாமல் பயிற்சி செய்திருக்கிறான். போன வாரம் இரண்டு விரல்களும் மடங்கின. கேரட்டைப் பிடித்துக் காட்டினான். அந்தச் சமையல்காரரும் நல்ல மனிதர், இன்னொரு முறை வந்து வெட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். இன்று காலை தம்பி கத்தியை என் மடியில் வைத்தான்.

"தீட்டிக் குடுக்கா. இந்தத் தடவ கை நடுங்காது."

செய்தது நான்தான். ஆத்திரத்தில் செய்ததாக எழுதிக்கொள்ள வேண்டாம், நிதானமாகத்தான் செய்தேன். பெற்ற தாய்கூட அவனை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போடுகிறான், பாட்டுச் சத்தம் இங்கே குழாயடி வரைக்கும் கேட்கிறது. வலது பக்கம் தீட்டி முடித்துவிட்டேன். கல்லைக் கழுவி எடுத்து வைத்தாயிற்று. முதல் வெட்டுக்கு நன்றாகப் பழுத்த தக்காளியாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.